நீர்ச்சறுக்கும் நீர்ச்சிக்கனமும்

மேட்டுப்பாளையத்தருகே, நீலகிரி மலையடிவாரத்தில், பிளாக் தண்டர் என்னும் நீர்விளையாட்டுப் பூங்கா உளது. கோடை விடுமுறையில் நம் மாணவர் பலர் ஆங்குச் சென்று சறுக்குத் தடங்களில் வழுக்கி மகிழ்ந்திருப்பர். அவருள் எத்துணைப் பேர், அந்நீர் உச்சிக்கு எவ்வாறு ஏறிற்று என்று எண்ணிப் பார்த்தனர்? ஆண்டுக்கு ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் மழையே பெறும் கோவைச் சமவெளியில், விளையாட்டிற்கென நீர் இறைப்போர் அதற்குக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவரன்றோ? அக்கணக்கை ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். சறுக்கில் ஓடும் நீர் முழுதும் செலவாவதன்று. கீழ்த்தொட்டியில் வீழ்ந்து மீண்டும் மேலேற்றப்படுவது. தெறித்துச் சிந்துவதும், வெயிலில் ஆவியாவதும், இணைப்புகளிற் கசிவதும், வடிகட்டியைக் கழுவுங்கால் வெளியேறுவதுமே நீரிழப்பாம். இடையறாது செலவாவது மின்சக்தியே.

கவலை பூட்டி நீரிறைத்த கொங்குநாட்டு உழவர், கிணறு ஆழமாகுந்தோறும் எருதுகளின் உழைப்பு மிகுமென்பதை நன்கறிவர். சறுக்கிற்கும் அதுவே விதி. நொடிக்கு 100 லிட்டர் நீரை 10 மீட்டர் உயர்த்துவதாகக் கொள்வோம். நீர் பெறும் சக்தி 9.8 கிலோவாட். பம்பும் மோட்டாரும் சேர்ந்து நூற்றுக்கு 50 பங்கே பயன் தருமாயின் 19.6 கிலோவாட் வேண்டும். 70 பங்கு தருமாயின் 14 கிலோவாட் போதும். நாளொன்றுக்கு 8 மணி நேரம் ஓடின், மிச்சம் ஏறக்குறைய 45 யூனிட்.

பம்பின் வேகத்தைக் குறைத்தாலென்ன என்று சிலர் வினவலாம். வேகம் பாதியானால் சக்தி எட்டிலொன்றாகும் என்று நாம் கற்றதுண்டு. ஆயின் அவ்விதி, குழாயின் உராய்வை மட்டும் வெல்லும் பம்பிற்கே முற்றும் பொருந்தும். உயரத்தை வெல்ல வேண்டிய பம்பில் வேகம் ஓரளவிற்குக் கீழே தாழ்ந்தால், நீர் உச்சியை எட்டாது. மேலும், நீர்ப்படலம் மெலிந்தால் சறுக்குவோர் நடுவழியில் நின்றுவிடுவர்; பின்வருவோர் மோதுவர். உயிருக்கு ஊறு விளைக்கும் சிக்கனம் சிக்கனமாகாது.

ஆதலின் சிக்கனம் வடிவமைப்பிலேயே தொடங்குக. நீர் வெளிப்படும் குழாய்வாய், சறுக்கின் தொடக்கத்தினும் வீணே உயர்ந்திருத்தலாகாது. மேற்கூறிய கணக்கில் 1 மீட்டர் குறைந்தால் பத்திலொரு பங்கு மிச்சமாம். குழாய் அகன்றும், வளைவுகள் குறைந்தும் இருப்பின் உராய்வு குறையும். தடத்தின் வளைவுகளில் வெளிச்சுவரை உயர்த்தினால் நீர் சிந்தாது. இறுதியில் பெருங்குளத்திற்குப் பதிலாக நீண்ட சமதளத் தடம் அமைப்பின், வெயிலுக்குத் திறந்துகிடக்கும் நீர்ப்பரப்புச் சுருங்கும். சறுக்குவோர் இல்லாதபோது பம்பை நிறுத்துவதும், குழாயில் நீர் திரும்பாதிருக்க ஒருவழி வால்வு பொருத்துவதும் நன்று.

1930-களில் பைக்காரா மின்சாரம் பரவிய பின்னர், நம் நாட்டுக் கிணறுகளில் மின்பம்புகள் பெருகின. அவற்றைச் செய்யும் தொழிலும் கோவையில் வளர்ந்தது. கணபதியின் லேத் பட்டறைகளிலும் பவுண்டரிகளிலும் பழகிய கைகளுக்கு, நல்ல சறுக்குப் பம்பொன்று செய்வது அரிதன்று. மாணவ நண்பர்களே, அடுத்தமுறை பூங்காவிற்குச் செல்லும்போது, சறுக்கி இறங்கியபின் சற்றே நின்று பாருங்கள்: உயரம் எவ்வளவு, தடத்தைச் சுற்றித் தரை எவ்வளவு நனைந்துள்ளது, ஆளில்லாத தடத்தில் நீர் ஓடுகின்றதா? அம்மூன்றையும் குறித்துக்கொண்டு வந்தால், கணக்கை நாம் ஒருங்கிருந்து முடிப்போம்.