மேசைமேல் ஒரு கடற்போர்

கீழ்க்காணும் பகுதியை வாசித்து, கேள்விகளுக்கு விடை காண்க.

யாருக்கும் அடங்காத, தந்திரம் மிகுந்த ஒருவரை ‘அவன் பெரிய எம்டன்’ என்று நம் பெரியவர்கள் சொல்வதுண்டு. எம்டன் என்பது ஒரு ஜெர்மன் போர்க்கப்பலின் பெயராகும். முதல் உலகப் போர் மூண்ட 1914ஆம் ஆண்டில், செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, அது சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகளைப் பீரங்கியால் தாக்கியது. அதன் பெயர் தமிழில் ஒரு சொல்லாகவே நிலைத்துவிட்டது. அதே கப்பல் அவ்வாண்டு அக்டோபர் 28ஆம் நாள் அதிகாலையில் பினாங்குத் துறைமுகத்துக்குள் புகுந்து, ‘ஜெம்சூக்’ எனும் ரஷ்யக் கப்பலை மூழ்கடித்தது. அன்று உயிரிழந்த ரஷ்ய மாலுமிகளின் கல்லறை, பாயான் லெப்பாஸ் கரைக்கு எதிரேயுள்ள ஜெரஜாக் தீவில் இன்றும் இருக்கிறது.

இத்தகைய நிகழ்வுகளைச் சிறிய உருவங்களாகச் செய்து, மேசைமேல் வைத்து ஆடும் பொழுதுபோக்கு ஒன்று உண்டு. அதனை மேசைப் போர் விளையாட்டு என்பர். பகடை, அளவுகோல், விதிநூல் ஆகியவை அதன் கருவிகள். இங்கிலாந்தைச் சேர்ந்த பிரெட் ஜேன் 1898இல் மாதிரிக் கப்பல்களைக் கொண்டு ஆடும் கடற்போர் விளையாட்டை வெளியிட்டார். எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 1913இல் பொம்மைப் படைவீரர்களுக்கான விதிகளை நூலாக எழுதினார். இவ்விளையாட்டை ஆடுவதற்குச் சில மணி நேரம் போதும். அதற்கான உருவங்களையும் நிலக்காட்சியையும் செய்வதற்கோ பல வாரங்கள் ஆகும். பலருக்கு அந்தக் கைவேலையே பெரிய இன்பமாகும்.

பினாங்குப் போரைச் செய்து பார்க்க விரும்புபவர் முதலில் அளவு விகிதத்தை முடிவு செய்ய வேண்டும். கடற்போர் விளையாட்டுகளில் 1:1200 எனும் விகிதம் பரவலாகப் பயன்படுகிறது. அதாவது, உண்மைப் பொருளின் 1200 சென்டிமீட்டர் மாதிரியில் 1 சென்டிமீட்டர் ஆகும். எம்டனின் நீளம் ஏறத்தாழ 118 மீட்டர். இவ்விகிதத்தில் அது 10 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். ஜார்ஜ்டவுன் கரையிலுள்ள 60 அடி உயர மணிக்கூண்டு ஒன்றரை சென்டிமீட்டர் ஆகிவிடும். ஆனால், ஏறத்தாழ 3 கிலோமீட்டர் அகலமுள்ள நீரிணைக்கு இரண்டரை மீட்டர் இடம் வேண்டும். வகுப்பறை மேசைகள் சிலவற்றைச் சேர்த்துப் போட்டால்தான் அதற்கு இடம் போதும்.

அடுத்து, கப்பலைச் செய்ய வேண்டும். மெல்லிய மரத்துண்டையோ நெகிழி அட்டையையோ செதுக்கி உடற்பகுதியை அமைக்கலாம். கம்பித் துண்டுகள் பாய்மரமாகவும் பீரங்கிக் குழாயாகவும் உதவும். இங்கேதான் வரலாற்று அறிவு தேவைப்படுகிறது. எம்டனுக்கு மூன்று புகைபோக்கிகள் இருந்தன. ஆனால், பினாங்குக்கு வந்தபோது நான்கு தெரிந்தன! நான்கு புகைபோக்கிகளைக் கொண்ட ‘யார்மவுத்’ எனும் பிரிட்டிஷ் கப்பலைப் போல் தோன்றுவதற்காக, மாலுமிகள் மரத்தாலும் கேன்வாஸ் துணியாலும் ஒரு பொய்ப் புகைபோக்கியைச் செய்து நிறுத்தியிருந்தனர். மேலும், அமைதிக் காலத்தில் வெண்ணிறமாக இருந்து ‘கிழக்கின் அன்னம்’ எனப் பெயர் பெற்ற அக்கப்பல், போர்க்காலத்தில் சாம்பல் நிறம் பூசப்பட்டிருந்தது. ஒரே ஒரு பழைய படத்தை மட்டும் நம்பிச் செய்பவர் மூன்று புகைபோக்கிகளுடன் வெள்ளைக் கப்பலையே செய்து வைப்பார்.

வண்ணம் பூசுவதற்கும் முறை உண்டு. முதலில் அடிப்பூச்சு தருவர். அது இல்லாவிட்டால் வண்ணம் ஒட்டாமல் உரிந்து போகும். அது காய்ந்தபின் முதன்மை நிறத்தைப் பூசுவர். பிறகு, நீர் கலந்த கரிய வண்ணத்தை மேலே தடவுவர். அது பள்ளங்களில் தங்கி நிழல்போல் தோன்றும். இறுதியில், தூரிகையிலுள்ள வெளிர் வண்ணத்தைத் துணியில் ஏறக்குறைய முழுவதும் துடைத்துவிட்டு, மேடான பகுதிகளில் மட்டும் இலேசாக உரசுவர். பத்து சென்டிமீட்டர் கப்பலில் இயல்பான வெளிச்சமும் நிழலும் போதிய அளவில் தெரிவதில்லை. அவற்றை வண்ணத்தாலேயே உண்டாக்க வேண்டியுள்ளது.

நிலக்காட்சி அமைப்பது தமிழர்களுக்குப் புதிதன்று. நவராத்திரிக் கொலுவில் மணலைப் பரப்பி, கேழ்வரகையோ கடுகையோ முளைக்கவிட்டுப் புல்வெளியாக்கி, கண்ணாடியைக் குளமாக வைக்கும் வழக்கம் உண்டு. விளையாட்டு மேசையிலும் அதே சிந்தனைதான் பயன்படுகிறது. நுரை அட்டைகளைச் சமவுயரக் கோடுகளின்படி வெட்டி அடுக்கினால் குன்று உருவாகும். பச்சை வண்ணமூட்டிய மரத்தூள் காடாக மாறும். மெல்லிய தாளைக் கசக்கிப் பசையால் ஒட்டி, வண்ணம் பூசி, பளபளப்பு எண்ணெய் தடவினால் அலைகள் தோன்றும். கடல் என்றதும் பலர் நீல வண்ணத்தையே எடுப்பர். பாயான் லெப்பாஸ் கரையில் நின்று நீரிணையைப் பார்த்தவருக்கோ அதன் கலங்கிய பச்சை நிறம் தெரியும். உற்று நோக்குவதே இக்கலையின் முதல் பாடம்.

எல்லாம் முடிந்தபின் விளையாட்டு தொடங்கும். எம்டன் ஏறத்தாழ 300 மீட்டர் தொலைவிலிருந்து நீர்மூழ்கிக் குண்டை ஏவியது. அதே விகிதத்தில், மேசைமேல் அது வெறும் 25 சென்டிமீட்டர்! அந்த இடைவெளியைப் பார்த்தவுடன் ‘இவ்வளவு அருகில் வரும்வரை யாரும் கவனிக்கவில்லையா?’ என்ற கேள்வி எழும். ஜெம்சூக்கின் தலைவர் அன்றிரவு கப்பலில் இல்லை, கரையில் தங்கியிருந்தார். குண்டுகளில் பெரும்பகுதி பூட்டி வைக்கப்பட்டிருந்தது. தலைவர் கப்பலில் இருந்திருந்தால், காவல் விழிப்புடன் இருந்திருந்தால் முடிவு மாறியிருக்குமா? இதனை ஆடுபவர்கள் பகடை உருட்டிச் சோதித்துப் பார்க்கலாம்.

ஆயினும், பகடையால் மாற்ற முடியாதவை உள்ளன. அன்று ஜெம்சூக்கில் ஏறத்தாழ 90 பேர் மாண்டனர். திரும்பிச் செல்லும் வழியில் எம்டன் ‘மூஸ்கே’ எனும் பிரெஞ்சுக் கப்பலையும் மூழ்கடித்தது. ஆனால், கடலில் தத்தளித்த அதன் மாலுமிகளை மீட்கவும் செய்தது. நவம்பர் 9ஆம் நாள், கோக்கோஸ் தீவுகளுக்கு அருகில் ஆஸ்திரேலியாவின் ‘சிட்னி’ கப்பல் எம்டனையும் வீழ்த்தியது. உண்மைப் போரைவிடப் பொம்மைப் போர் எவ்வளவோ மேலானது என்பது வெல்ஸின் கருத்து. மேசையில் தோற்ற கப்பலை எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டு, அடுத்த வாரம் மீண்டும் ஆடலாம். ஒரு கப்பலைத் தம் கையால் அளந்து, செதுக்கி, வண்ணம் பூசியவர், அதில் மனிதர்கள் இருந்தனர் என்பதை எளிதில் மறப்பதில்லை.

கருத்துணர் கேள்விகள்

1. எம்டன் மாலுமிகள் ஏன் பொய்ப் புகைபோக்கியை அமைத்தனர்?
2. மாதிரிக் கப்பல் செய்பவருக்கு வரலாற்று அறிவு தேவை என்பதற்குப் பகுதியிலிருந்து இரண்டு சான்றுகளைத் தருக.
3. 1:1200 விகிதத்தில் 240 மீட்டர் நீளமுள்ள கப்பல் எத்தனை சென்டிமீட்டர் இருக்கும்?
4. ‘போரை விளையாட்டாக ஆடுவது போரின் கொடுமையை மறக்கச் செய்யும்.’ இக்கூற்றை நீ ஏற்கிறாயா? காரணங்களுடன் விளக்கி எழுதுக.