மறுமொழி மீளும் வழி

பழைய மாணவர் சங்கத்தார் உவந்தளித்த கணினிகள் ஆய்வுகூடத்தில் வைக்கப்பெற்ற சின்னாட்களுள், "அன்பளிப்புக் கணினிகள் பழுதானவை" என்றொரு பேச்சு எழுந்தது. பாடக்குறிப்புகள் வைக்கப்பெற்ற அலுவலகச் சேவையகத்தை அவற்றிலிருந்து அணுக முடியாமையே காரணம். அப்பேச்சுத் தவறென்பதை இம்மலரிற் பதிந்துவைத்தல் எம் கடன். பழுது கணினியில் இல்லை, வழியில் இருந்தது. அதுவும் போகும் வழியிலன்று, மீளும் வழியில்.

அமைப்பை முதலிற் கூறுவாம். அலுவலகக் கணினிகளின் முகவரிகள் 192.168.1 எனவும், ஆய்வுகூடத்தன 192.168.2 எனவும் தொடங்குவன. இவ்வாறு பிரிந்த ஒவ்வொன்றும் சப்நெட் எனப்படும். யாம் கிளைவலை என்போம், நாவுக்கு எளிதாகலின். இரண்டையும் இணைப்பது ஒரு ரவுட்டர். அதன் ஒரு முகம் 192.168.2.1, மற்றை முகம் 192.168.1.2. இணையத்துக்குச் செல்லும் ரவுட்டர் வேறு; அது அலுவலகத்தில் உள்ள 192.168.1.1. சேவையகம் 192.168.1.10.

1983 இல் மைக் மூஸ் என்பார் ஆக்கிய 'பிங்', "இருக்கின்றாயா?" என வினாவி விடை பெறும் கருவி. அதுகொண்டு ஆய்வுகூடத்திலிருந்து அண்மை தொடங்கிச் சேய்மை நோக்கி வினாவினோம். 192.168.2.1 விடை தந்தது. 192.168.1.2 உம் விடை தந்தது. சேவையகமோ வாளாவிருந்தது. அலுவலகப் பக்கத்து முகவரி விடை தந்தமையால் வழி சரியென எண்ணி, ஒரு பிற்பகல் முழுதும் சேவையகத்தையே நொந்துகொண்டோம். உண்மையில் அவ்விரு விடைகளையும் தந்தது ஒரே ரவுட்டர். அதற்கு இரு பக்கமும் தன் வீடே.

பின்னர்ச் சேவையகத்தில் வயர்ஷார்க் என்னும் மென்பொருளை இயக்கியபோது உண்மை புலனாயிற்று. வினா வந்து சேர்ந்தது, விடையும் புறப்பட்டது. தன் கிளைவலையைச் சேராத முகவரிக்குரிய விடையைச் சேவையகம் தான் அறிந்த ஒரே வாயிலாகிய 192.168.1.1 இடம் ஒப்படைத்தது. ஆய்வுகூடம் என ஒன்று உண்டென்பதை அறியாத அந்த ரவுட்டர் அதனை இணையத்தின் பக்கம் தள்ளிவிட்டது. 192.168 எனத் தொடங்குவன 1996 ஆம் ஆண்டு நியமப்படி உள்வலைகளுக்கென ஒதுக்கப்பட்டவை. பொது இணையத்தில் அவற்றுக்கு வழி இல்லை. விடை அங்கே மாண்டது.

வினா வந்தும் விடை புறப்படாதிருப்பின், ஐயுறவேண்டியது சேவையகத்தின் தீச்சுவரை என்க. விண்டோஸின் தீச்சுவர் பெரும்பாலும் தன் கிளைவலையார்க்கே கோப்புப் பகிர்வை அனுமதிக்கும்.

பரிகாரம் ஒரு வரியே. சேவையகத்தின் வழி அட்டவணையில், "192.168.2.0, மாஸ்க் 255.255.255.0, வாயில் 192.168.1.2" என எழுதினோம். அக்கணமே விடை வந்தது, மாணாக்கர் ஆரவாரித்தனர். மறுநாள் மின்வெட்டின் பின் மீண்டும் மௌனம்! அவ்வரியை நிலையாகச் சேமிக்க மறந்திருந்தோம். மீள எழுதிச் சேமித்தோம்; ஒரு தாளிலும் எழுதிச் சேவையகத்தின் பக்கத்தில் ஒட்டியுள்ளோம்.