குரல் காட்டும் பொருள்

“தம்பி பள்ளிக்குப் போகிறான்” என்னும் தொடரைச் சொல்லிப் பார்ப்போம். முடிவில் குரல் தாழ்ந்தால் அது செய்தி, உயர்ந்தால் வினா. ‘தம்பி’ என்பதை அழுத்தினால், போகிறவன் அண்ணன் அல்லன் என்பது குறிப்பு. ‘பள்ளிக்கு’ என்பதை அழுத்தினால், போவது திடலுக்கு அன்று என்பது குறிப்பு.

மாண்டரின் மொழியில் ‘மா’ என்னும் ஓரசை, குரலின் ஏற்ற இறக்கத்திற்கேற்பத் தாய், சணல், குதிரை, திட்டு என 4 பொருள் தரும். தமிழில் தனிச்சொல்லின் பொருள் அவ்வாறு மாறுவதில்லை; தொடரின் கருத்தே மாறுகிறது. எடுத்தல், படுத்தல், நலிதல் என்னும் ஒலிப்பு வேறுபாடுகளை 13ஆம் நூற்றாண்டு நன்னூலும் கூறுகிறது.

ஒரே குரலில் ஒப்புவிக்கும் பிள்ளை, பொருளை உணர்ந்ததா என்பதை நாம் அறிய இயலாது. ஆகவே, பெற்றோர்களே, இன்றிரவு பாடநூலில் ஒரு பத்தியை உரக்க வாசிக்கச் செய்வீர். எச்சொல்லை அழுத்த வேண்டும், ஏன் என்று கேட்பீர். விடை சொல்லும் பிள்ளைக்குப் பாடம் விளங்கிவிட்டது.