தேங்காய் அளவும் விளாம்பழ அளவும்

பரமத்தி வேலூர்,
கார்த்திகை 18.

கண்ணு,

அம்மாயி எழுதுகிறேன். கொடிக்காலில் வெற்றிலை கிள்ள ஆள் கிடைக்கவில்லை என்று உன் மாமன் புலம்பிக்கொண்டிருக்கிறான். அது எப்போதும் உள்ளதுதான்.

நீ அனுப்பிய குல்லாப் படத்தை உன் அத்தை போனில் பெரிதாக்கிக் காட்டினாள். ஆறு கண்ணியில் ஆரம்பித்து, சுற்றுக்கு ஆறாகக் கூட்டி, உச்சி புடைக்காமல் கொண்டுவந்திருக்கிறாய். முதல் குல்லாவுக்கு இதுவே பெரிது. ஓரம் மட்டும் விறைத்து நிற்கிறது. அது ஒயர் கூடை பின்னிய கை செய்கிற வேலை. ஆறாவது படிக்கும்போதே என் பக்கத்தில் உட்கார்ந்து நெல்லிக்காய் முடிச்சு போட்டவள் நீ. ஒயரை இழுத்துப் பிடிக்க வேண்டும், நூலைப் போகவிட வேண்டும். பத்துக் குல்லா முடிப்பதற்குள் கை தானாகத் தளர்ந்துவிடும்.

படத்துக்குக் கீழே நீ எழுதியிருந்ததுதான் என்னைப் பேனாவை எடுக்க வைத்தது. தை மாதம் உன் பிறந்தநாளுக்கு, அரசு ஆஸ்பத்திரியில் பிறக்கும் குழந்தைகளுக்கு 100 உல்லன் குல்லா, 100 சோடி கையுறை, 10 போர்வை. நல்ல மனசு. ஆனால் போனில் ஏதாவது சொன்னால் ‘சரிங்க அம்மாயி, சரிங்க அம்மாயி’ என்று வைத்துவிடுவாய். 28 வருஷம் தையல் டீச்சராக இருந்தவள் சொல்வதை ஒரு தரம் முழுசாகக் கேள். நூல் இன்னும் வாங்கவில்லை என்றால் வாங்காதே.

முதலில் உல்லன். நம் பக்கத்து மேச்சேரி ஆட்டைப் பார்த்திருக்கிறாய் அல்லவா? அதன் உடம்பில் கம்பளி கிடையாது, குட்டை மயிர்தான். சேலம், நாமக்கல், கரூர் வெயிலில் மேய்கிற ஆட்டுக்கு அதுவே அதிகம். ஆட்டுக்கே வேண்டாததை ஏன் பச்சைக் குழந்தைக்கு மாட்ட வேண்டும்? மார்கழியில் காவிரிக் கரையோரம் விடியற்காலையில் பனி இறங்கும், சரி. ஒன்பது மணிக்கெல்லாம் வெயில் சுள்ளென்று ஏறிவிடுகிறதே. பங்குனி சித்திரையில் உல்லன் குல்லா போட்ட பிள்ளைக்கு மிஞ்சுவது வேர்க்குருதான்.

அதிலும் கடையில் ‘உல்லன்’ என்று தருவது பெரும்பாலும் கம்பளியே இல்லை, அக்ரிலிக். ஒரு விரற்கடை நூலை இடுக்கியில் பிடித்து அடுப்பில் காட்டிப் பார். உண்மையான கம்பளி மயிர் பொசுங்கும் நாற்றம் அடிக்கும். பருத்தி காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும். அக்ரிலிக் உருகி, கறுத்த மணியாகக் கெட்டிப்படும். அது நெருப்புப் பட்டால் தோலோடு ஒட்டும். இன்னொன்று, ஆஸ்பத்திரித் துணி வெந்நீரில்தான் வெளுக்கப்படும். கம்பளியை வெந்நீரில் போட்டால் சுருங்கிப் பொம்மைக் குல்லாவாகிவிடும். பருத்தி தாங்கும். ஆகவே பருத்தி நூல். ஒரு தரம் வெந்நீரில் நனைத்து, சாயம் போகிறதா என்று வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்த்த பிறகு ஊசியில் ஏற்று.

அப்படியானால் பள்ளிக்கூடத்தில் உங்களுக்கு மட்டும் ஏன் உல்லன் சொல்லிக் கொடுத்தார்கள் என்று நீ கேட்பாய். பாடம் குளிர் தேசத்திலிருந்து வந்தது, அவ்வளவுதான். சுமார் 200 வருஷத்துக்கு முன்னால் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் என்ற பாதிரியார் மனைவி பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக் கொடுத்தார். அந்த லேஸ் விற்ற காசு அவர்கள் கைக்கு வந்தது. பிறகு மிஷன் பள்ளிகள் வழியாக ஊசி வேலை நம் ஊர்களுக்கெல்லாம் வந்தபோது லேஸோடு குல்லாவும் காலுறையும் கூடவே வந்துவிட்டன.

ஒரு தரம் மட்டும் அந்தக் காலுறைக்கு அர்த்தம் இருந்தது. 1962ல் சீனாக்காரனோடு சண்டை. இமயமலையில் நிற்கிற ஜவான்களுக்கு நாடு பூராவும் பெண்கள் ஸ்வெட்டர் பின்னினார்கள். எங்கள் வகுப்புக்கும் பச்சை நிறக் கம்பளி வந்தது, ஆளுக்கு ஒரு சோடி காலுறை. எனக்குப் பன்னிரண்டு வயசு. வகுப்பிலேயே முதலில் முடித்துவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் நின்றேன். டீச்சர் இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்தார். ஒன்று ஒரு விரல் நீளம் அதிகம். ‘அந்த ஜவானுக்கு ரெண்டு காலும் ஒரே அளவு’ என்று சொல்லி, என் கண்ணெதிரே இரண்டாவதைப் பிரித்து நூலை உருண்டையாகச் சுற்றிக் கையில் கொடுத்துவிட்டார். மறுபடி பின்னி முடிப்பதற்குள் நவம்பர் 21ல் சண்டையே நின்றுவிட்டது.

கையுறைக்கு வருகிறேன். பிறந்த குழந்தைக்குக் கையுறை வேண்டவே வேண்டாம். ஏன் என்று இதுவரை யாருக்கும் நான் சொன்னதில்லை.

உன் அம்மாவின் வலது கை மோதிர விரலைப் பார். நடுக்கணுவில் நூல் வைத்து அழுத்தின மாதிரி ஒரு கோடு இருக்கும். சின்ன வயசில் கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது என்று சொல்லி வளர்த்திருக்கிறோம். பொய். அவள் பிறந்து 22 நாள். மார்கழி. நானே பின்னிய மஞ்சள் கையுறை, மணிக்கட்டில் ரிப்பன் கட்டி. ராத்திரி பூராவும் வீறிட்டு அழுதாள். வயிற்று வலி என்று ஓமத்தண்ணீர் கொடுத்தோம், காதில் எறும்போ என்று விளக்கைக் காட்டிப் பார்த்தோம், என் மாமியார் உப்பு மிளகாய் சுற்றிப் போட்டார். விடிந்து, தண்ணீர் ஊற்றக் கையுறையைக் கழற்றினால் அந்த விரல் நாவல்பழம் மாதிரி கறுத்து வீங்கி இருந்தது. உள்ளே நான் முடிச்சுப் போட்டு ஒட்ட நறுக்காமல் விட்ட நூல் முனை, விரலில் மூன்று சுற்றுச் சுற்றி இறுகியிருந்தது. பக்கத்துத் தெரு நர்சம்மா வந்து, நூலுக்கும் தோலுக்கும் நடுவே கத்தரிக்கோல் முனையை நுழைத்தார். அந்த ‘நறுக்’ சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அதற்கப்புறம் நான் முடித்த எந்தச் சாமானையும் உள்புறம் வெளியே திருப்பி, விரலை விட்டு ஒரு சுற்றுத் தடவிப் பார்க்காமல் யாருக்கும் கொடுத்ததில்லை. நீயும் அப்படிச் செய். கடைசி நூலை ஒரு சாண் விட்டு வெட்டு. மொட்டை ஊசியில் கோத்து ஒரு பக்கம் ஓட்டு, திரும்ப எதிர்ப்பக்கம் ஓட்டு. முடிச்சை நம்பாதே. குல்லாவில் குஞ்சம், பொத்தான், மணி எதுவும் வேண்டாம், குழந்தை பிடுங்கி வாயில் போடும். போர்வையில் பூப்பூவாக ஓட்டை விடாதே, விரல் மாட்டும். குழந்தைக்குப் போர்வை பின்னத்தான் வேண்டுமா என்பதே என் கேள்வி. துவைத்துத் துவைத்து நைந்த பழைய நூல் சேலையை விட மெத்தென்ற போர்வையை நானும் பின்னியதில்லை, கரூர்த் தறியும் நெய்ததில்லை.

குல்லா வேறு விஷயம். அது நிஜமாகவே வேண்டும். குறை மாதத்தில், இரண்டரைக் கிலோவுக்கும் குறைவாகப் பிறக்கிற பிள்ளைகளுக்கு உடம்புச் சூடு நிற்காது. உடம்போடு பார்க்கையில் தலை பெரிதாக இருப்பதால் தலை வழியே சூடு போய்விடும். 1978ல் தென் அமெரிக்காவில் பொகோட்டா என்ற ஊரில் எட்கர் ரே என்ற டாக்டர், இன்குபேட்டர் பற்றாமல், அப்படிப்பட்ட பிள்ளைகளைத் தாயின் நெஞ்சிலேயே தோலோடு தோலாக ஒட்டிக் கட்டி வைத்தார். கங்காரு முறை என்பார்கள். இன்று உலக சுகாதார நிறுவனமும் பிறந்த உடனே அதைச் செய்யச் சொல்கிறது. அந்தப் பிள்ளை மேல் இருப்பது மூன்றே உருப்படி: இடுப்புத் துணி, காலுறை, குல்லா.

அந்தக் குல்லாவின் அளவு எந்தக் கடையிலும் கிடைக்காது. முழு மாதத்தில் பிறந்த பிள்ளையின் தலைச் சுற்று 33லிருந்து 35 சென்டிமீட்டர், அதாவது நம் தோப்பில் உரித்த ஒரு நடுத்தரத் தேங்காய். ஒன்றரைக் கிலோவுக்குள் பிறந்ததற்கு 28 பக்கம், நல்ல விளாம்பழம். பின்னல் இழுபடும் என்பதால் இரண்டு சென்டிமீட்டர் குறைத்தே பின்னு. நீ படம் அனுப்பிய குல்லா ஒரு வயசுப் பிள்ளைக்கு ஆகும். அதைக் குறைமாதப் பிள்ளைகள் வார்டில் கொடுத்தால் கண்ணை மூடி மூக்கில் வந்து உட்காரும். நர்ஸ் நன்றி சொல்லி வாங்கி அலமாரியில் வைப்பார், அங்கேயே கிடக்கும்.

அதனால் 100 என்ற கணக்கை விடு. எண்ணிக்கையைக் கேலி செய்கிறேன் என்று நினைக்காதே. சென்னையில் சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ் குழு 2016 ஜனவரி 31 அன்று 11,148.5 சதுர மீட்டரில் ஒரே குரோஷாப் போர்வையை விரித்து கின்னஸில் ஏறியது. ரெண்டே முக்கால் ஏக்கர்! நம் கொடிக்காலை மூடிவிட்டு மிச்சத்தை வாய்க்கால் மேட்டில் போடலாம். துண்டு துண்டாகப் பின்னிச் சேர்த்தது அது, தேவைப்பட்டவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பதற்கென்றே. தென்னாப்பிரிக்காவில் நெல்சன் மண்டேலா பொதுவாழ்வில் இருந்த 67 வருஷத்துக்காக 67 போர்வை என்று ஒரு பெண்மணி ஆரம்பித்ததும் ஊரெல்லாம் பரவியது. ஆயிரம் பேர் கூடினால் எண்ணிக்கைக்கு ஒரு பலம் உண்டு. நீ ஒருத்தி, ஆபீஸ் விட்டு வந்து ராத்திரி பத்து மணிக்கு உட்காருகிறவள். 100 என்று வைத்தால் அறுபதாவதிலிருந்து அவசரம் வரும். அவசரத்தில் என்ன ஆகும் என்பது உன் அம்மாவின் விரலில் இருக்கிறது.

பேகன் கதை உனக்குத் தெரியும். மயில் குளிரில் நடுங்குகிறது என்று தன் போர்வையைக் கொடுத்தான். (கொல்லிமலை ஓரி நம் மாவட்டத்து வள்ளலாக இருக்க, பழனி மலைப் பேகனைப் பேசுகிறேன். ஓரி கோபித்துக்கொள்ள மாட்டான்.) மயில் அதை உடுத்தாது, போர்த்தாது என்று தெரிந்தேதான் கொடுத்தான். அதுதான் கொடை என்று புலவர்கள் புகழ்ந்தார்கள். எனக்கு வயசாக ஆக அந்த மயிலின் பக்கம்தான் நினைப்பு போகிறது. போர்வையை வைத்துக்கொண்டு அது என்ன செய்திருக்கும்?

2015 ஜனவரியில் ஆஸ்திரேலியாவில் காட்டுத்தீயில் பாதம் வெந்த கோலா விலங்குகளுக்குக் கையுறை வேண்டும் என்று ஒரு விலங்கு நல அமைப்பு கேட்டது. பருத்தியில் மட்டும், இந்த வடிவத்தில், இந்த அளவில் என்று சொல்லிக் கேட்டது. அதன்படியே உலகத்தின் நாலு மூலையிலிருந்தும் தைத்து அனுப்பினார்கள். மதுரா பக்கத்தில் மீட்ட யானைகளுக்கு ஊர்ப் பெண்கள் ஸ்வெட்டர் பின்னியதும் அப்படித்தான், யானையின் அளவுக்கு. பேகனை விட அவர்களுக்குக் கெட்டிக்காரத்தனம் ஜாஸ்தி என்பேன். நீயும் லீவு போட்டு ஒரு நாள் அந்த வார்டுக்குப் போ. எத்தனை வேண்டும், எந்த அளவு, எப்படி வெளுப்பார்கள் என்று நர்சிடம் கேள். பன்னிரண்டு போதும் என்றால் பன்னிரண்டு. வேண்டாம் என்றால் வெசனப்படாமல் திரும்பி வா.

உல்லன்தான் பின்னுவேன் என்று அடம் பிடித்தால் அதற்கும் தலைகள் உண்டு. 70 கொண்டை ஊசி வளைவு ஏறினால் கொல்லிமலை. அங்கே மார்கழிக் காலையில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குக் குல்லா சுமையாகாது. அதையும் கேட்டுவிட்டே செய். டொராண்டோவில் இருக்கிற உன் மாமன் மகனுக்குக் கையுறை பின்னு. ஐந்து விரலுக்கும் தனித்தனி வீடு கட்டாமல், கட்டை விரலை மட்டும் பிரித்துப் பின்னு. மற்ற நாலும் ஒரே வீட்டில் இருந்தால்தான் சூடு. அவன் கையைக் காகிதத்தில் வைத்து வரைந்து அனுப்பச் சொல்.

கடைசியாக உன் அப்புச்சியைப் பற்றி. பக்கவாதம் வந்து வலது கை இறுகி மூடிக்கொண்ட பிறகு, நகம் உள்ளங்கையில் குத்திப் புண்ணானது. மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய உருளை பெரிது, விரலுக்குள் நுழையவில்லை. பருத்தி நூலில் வெண்டைக்காய்ப் பருமனுக்கு ஒன்று பின்னிப் பழைய பனியனைச் சுருட்டி அடைத்து வைத்தேன். வாரம் போகப்போக விரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது, நானும் ஒரு சுற்று, ஒரு சுற்றாகப் பருமனைக் கூட்டினேன். மொத்தம் ஒன்பது உருளை. என் 28 வருஷத்து வேலையில் உருப்படியானது எது என்று கேட்டால் அந்த ஒன்பதைத்தான் காட்டுவேன். காவிரிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் கரூரில் ஒரு நாளைக்கு எத்தனை போர்வை நெய்து கப்பல் ஏற்றினாலும், அந்த உள்ளங்கைக்கு ஏற்றது அங்கே கிடைத்திருக்காது.

பொங்கலுக்கு வரும்போது ஊசியும் பருத்தி நூலும் கொண்டு வா. தேங்காய் உரித்து வைக்கச் சொல்லிவிட்டேன். விளாம்பழம் சந்தையில் பார்த்து வாங்கி வைக்கிறேன்.

அன்புடன்,
அம்மாயி

பின்குறிப்பு: விரல் விஷயத்தை உன் அம்மாவிடம் நீ சொல்ல வேண்டாம். பொங்கலன்று நானே சொல்கிறேன்.