மஞ்சள் இலையைப் பார்த்ததும் தெளிப்பானைத் தூக்க வேண்டாம்

"செடி மஞ்சளாயிருச்சு, என்ன அடிக்கலாம்?" இயற்கை விவசாயத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் அதிகமாகக் கேட்கிற கேள்வி இதுதான். முன்பு மருந்துக் கடையில் நின்று கேட்ட அதே கேள்வி. அங்கே கொடுத்த பாட்டிலுக்குப் பதில் இங்கே பஞ்சகவ்யாவோ மீன் அமிலமோ எதிர்பார்க்கிறார்கள். பஞ்சகவ்யா நல்ல பொருள்தான், நானும் 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி கலந்து தெளிக்கிறேன். ஆனால் வேர் அழுகிக்கொண்டிருக்கிற செடிக்கு அதை இலையில் தெளித்து என்ன பிரயோசனம்?

முதலில் பார்க்க வேண்டியது வயலை. செடியின் பக்கத்தில் போவதற்கு முன்னால் வரப்பில் நின்று, எங்கெங்கே மஞ்சள் தெரிகிறது என்று கவனியுங்கள். வயல் முழுக்க ஒரே மாதிரி வெளிறியிருந்தால் பெரும்பாலும் சத்துக் குறைபாடு. தண்ணீர் தேங்குகிற தாழ்ந்த பக்கம் மட்டும் என்றால் வடிகால் பிரச்சினை. வரப்போரம் ஆரம்பித்து உள்ளே போகிறதென்றால் பூச்சியைச் சந்தேகப்படலாம். ஒரு இடத்தில் நாலு செடி, அடுத்த வாரம் அதைச் சுற்றிப் பத்துச் செடி என்றால் அது நோய். ஆரோக்கியமான செடிகளுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குன்றி நின்றால் வெள்ளை ஈயோ அசுவினியோ கொண்டுவந்த வைரஸாக இருக்கலாம்.

அடுத்தது, மஞ்சள் கீழ் இலையிலா, கொழுந்திலா? இந்த ஒரு கேள்வியே பாதி வேலையை முடித்துவிடும். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, மக்னீசியம் எல்லாம் செடிக்குள் நகரக்கூடியவை. பற்றாக்குறை வந்தால் செடி முதிர்ந்த இலையிலிருந்து எடுத்துக் கொழுந்துக்குக் கொடுத்துவிடும். அதனால் அறிகுறி முதலில் அடி இலையில் தெரியும். இரும்பு, சுண்ணாம்புச்சத்து, போரான் அப்படி நகராது; குறை கொழுந்தில் தெரியும். கந்தகமும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

அடி இலை முழுக்க ஒரே சீராக மஞ்சளானால் தழைச்சத்து. ஓரம் மட்டும் தீய்ந்தது போல் காய்ந்தால் சாம்பல்சத்து. நரம்பு பச்சையாக இருந்து நடுப்பகுதி மட்டும் மஞ்சளானால், அடி இலையில் என்றால் மக்னீசியம், கொழுந்தில் என்றால் இரும்பு. கொழுந்து நரம்போடு சேர்ந்து வெளிறினால் கந்தகம்.

தழைச்சத்துக் குறைவைப் பற்றி நம்மவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். "தொழு உரம் போட்டேன், மூடாக்குப் போட்டேன், அப்புறமும் வெளிறுதே" என்பார்கள். போட்டது மக்கியதா என்று பாருங்கள். பச்சை வைக்கோலையோ, தென்னைநார்க் கழிவையோ, கரும்புத் தோகையையோ மக்காமல் மண்ணுக்குள் புதைத்தால், அதை மக்க வைக்கிற நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கிற தழைச்சத்தைத் தாங்களே எடுத்துக்கொள்ளும். செடி சில வாரங்கள் பட்டினி. மண்ணின் மேலே மூடாக்காகக் கிடந்தால் இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. ஏற்கெனவே புதைத்துவிட்டவர்கள் ஜீவாமிர்தம், கடலைப்புண்ணாக்குக் கரைசல் என்று தழைச்சத்து உள்ளதைத் தண்ணீரோடு விட்டுச் சமாளிக்கலாம்.

எங்கள் கரிசலில் அதிகமாகப் பார்ப்பது இரும்புக் குறை. நிலக்கடலை, மிளகாய் இரண்டிலும் கொழுந்து எலுமிச்சை நிறத்துக்கு வந்து, முற்றினால் வெள்ளையாகவே ஆகிவிடும். மண்ணில் இரும்பு இருக்கும். சுண்ணாம்பு அதிகமாகிக் காரநிலை 8-ஐத் தாண்டும்போது வேரால் அதை எடுக்க முடியாது. காய்ந்த மண்கட்டியில் கொஞ்சம் வினிகரை விட்டுப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு மண்.

இரும்புக் குறைதானா என்று உறுதி செய்ய ஒரு எளிய வழி உண்டு. ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதியைக் கரைத்து, அரை எலுமிச்சையைப் பிழிந்து, நாலைந்து செடியின் கொழுந்துக்கு மட்டும் பஞ்சால் தடவுங்கள். செடிக்கு அடையாளமாக ஒரு நூலைக் கட்டிவிடுங்கள். ஒரு வாரத்துக்குள் தடவின இலை பச்சை கொடுத்தால் சந்தேகமே வேண்டாம். ஒன்றும் மாறவில்லையென்றால் வேறு காரணம் தேடுங்கள். ஒரு ஏக்கருக்குத் தெளிக்கிற செலவும் கூலியும் மிச்சம். அங்ககச் சான்றிதழ் வாங்கியவர்கள் மட்டும் நுண்ணூட்ட உப்புகளைப் பயன்படுத்தும் முன் சான்றளிக்கும் நிறுவனத்திடம் அனுமதி கேட்டுக்கொள்வது நல்லது.

இனி மிளகாய்ச் சுருட்டை. போன பருவத்தில் பக்கத்துக் காட்டுத் தம்பி வந்து, "அண்ணாச்சி, வைரஸ் வந்துருச்சு. ஒரு ஏக்கரையும் பிடுங்கிட்டு மக்காச்சோளம் போட்டுரலாம்னு இருக்கேன்" என்றார். மருந்துக் கடையில் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். வங்கியில் பயிர்க்கடன் பார்த்த காலத்திலிருந்தே எனக்கு இதில் ஒரு அபிப்பிராயம் உண்டு: நோயைக் கண்டுபிடிக்கிறவரும் மருந்தை விற்கிறவரும் ஒரே ஆளாக இருந்தால் கணக்கு உழவன் பக்கம் வராது.

போய்ப் பார்த்தோம். பெரும்பாலான செடிகளில் இலை ஓரம் மேல்நோக்கிப் படகு மாதிரி சுருண்டிருந்தது. கொழுந்தை ஒரு வெள்ளைத் தாளில் தட்டினால், ஊசிமுனை அளவில் மஞ்சள் நிறத்தில் நீளவாக்கில் ஊர்ந்தன. இலைப்பேன். இலை கீழ்நோக்கிக் கவிழ்ந்து, காம்பு மட்டும் எலிவால் போல நீண்டிருந்தால் அது மஞ்சள் முரணைச் சிலந்தி. கண்ணுக்குத் தெரியாது, கைலென்ஸ் வேண்டும். அதற்கு நனையும் கந்தகத்தூள் கேட்கும், உச்சிவெயிலில் மட்டும் அடிக்கக் கூடாது. வைரஸ் என்றால் வேறு தோற்றம்: இலை சிறுத்து, கணுக்கள் நெருங்கி, நுனி கொத்தாகி, செடியே குட்டையாக நின்றுவிடும். பூச்சியைக் கட்டுப்படுத்திய பிறகும் அந்தச் செடியின் புதுத் தளிர் நேராக வராது.

அந்த ஏக்கரில் உண்மையான வைரஸ் செடி பதினைந்தோ பதினாறோதான். அவற்றை மட்டும் பிடுங்கிச் சாக்கில் கட்டி வெளியே கொண்டுபோய் எரித்தார். மற்றதுக்கு வேப்பங்கொட்டைக் கரைசல், 100 லிட்டருக்கு 5 கிலோ கொட்டை, கொஞ்சம் காதிசோப்புக் கரைசலும் சேர்த்து, சாயங்காலத்தில், இலையின் அடிப்பக்கம் நனைகிற மாதிரி, வாரம் ஒன்றாக மூன்று தடவை. நாலாவது வாரம் தளிர் நேராக வந்தது. காட்டை அழிக்காமல் அந்தப் பருவம் வற்றல் எடுத்தார். இந்த முறை முன்கூட்டியே வரப்போரம் இரண்டு வரிசை மக்காச்சோளம் போட்டிருக்கிறார்.

தக்காளியில் காயின் அடிப்பக்கம் கறுத்து அமுங்குவதை அழுகல் நோய் என்று நினைக்கிறார்கள். அது காய்க்குச் சுண்ணாம்புச்சத்து போய்ச் சேராததால் வருவது. எங்கள் பக்கத்து மண்ணில் சுண்ணாம்புக்குப் பஞ்சமில்லை. காயவிட்டுக் காயவிட்டுத் தண்ணீர் பாய்ச்சுவதால்தான் பெரும்பாலும் வருகிறது. மூடாக்குப் போட்டு ஈரத்தை ஒரே சீராக வைத்தால் அடுத்த கொத்துக் காய் நன்றாக வரும்.

இலையில் விடை கிடைக்காவிட்டால் ஒரு செடியைத் தோண்டிப் பாருங்கள். பலர் இதற்கு மனசு வராமல் விட்டுவிடுகிறார்கள். ஒரு செடி போனால் போகட்டும், பிடித்து இழுக்காமல் மண்ணோடு தோண்டி, தண்ணீரில் அலசுங்கள். வேர் வெள்ளையாக இருந்தால் நலம். பழுப்பாகித் தோல் கையோடு உருவி வந்தால், வாடை அடித்தால், வேர் அழுகல். முதலில் வடிகால் வெட்டுங்கள், பிறகு டிரைக்கோடெர்மா விரிடி. வேரில் மணி மணியாக முடிச்சு இருந்தால் நூற்புழு. பயறு, கடலையில் நல்ல முடிச்சும் இருக்குமே என்றால், அது விரலால் உருட்டினால் உதிர்ந்துவிடும், உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நூற்புழு முடிச்சு வேரே வீங்கியது, தனியாக வராது. அதற்கு ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம்புண்ணாக்கும், அடுத்த பட்டத்தில் செண்டுமல்லியும் போடலாம்.

பச்சையாக இருக்கும்போதே திடீரென்று தொங்கிவிடுகிற தக்காளி, கத்தரிச் செடிக்கு ஒரு கண்ணாடி டம்ளர் போதும். தண்டை அடியில் வெட்டி, வெட்டுமுனை தெளிந்த தண்ணீருக்குள் படும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் பால் நூல் போல வெள்ளையாக இறங்கினால் பாக்டீரியா வாடல். எந்தக் கரைசலும் அந்தச் செடியைக் காப்பாற்றாது. வேரோடு எடுத்துவிடுங்கள், அந்தப் பாத்தித் தண்ணீர் அடுத்த பாத்திக்கு ஓடாமல் மடையை அடையுங்கள், வெட்டிய அரிவாளை நன்றாகக் கழுவிவிட்டு அடுத்த செடியைத் தொடுங்கள். அந்த இடத்தில் அடுத்த இரண்டு மூன்று பட்டத்துக்குத் தக்காளி, கத்தரி, மிளகாய் வேண்டாம். சோளமோ கேழ்வரகோ போடுங்கள்.