பாதத்தில் தொடங்கிய தியானம்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் என்று ஓர் ஊர். அங்குள்ள மருத்துவக் கல்லூரியில் 1979-ல் ஜான் கபட்-ஜின் ஒரு பயிற்சிப் பிரிவைத் தொடங்கினார். அங்கு வந்தவர்களில் பலர் ஆண்டுக்கணக்கில் வலியோடு வாழ்ந்தவர்கள்; மருத்துவர்கள் தங்களால் ஆனதைச் செய்து பார்த்துவிட்டு அனுப்பிவைத்தவர்கள். முதல் வகுப்பில் அவர்கள் உள்ளங்கையில் உலர் திராட்சையை வைப்பார்கள். அப்படி ஒரு பொருளை வாழ்நாளில் பார்த்ததே இல்லை என்பதுபோல் பார்க்க வேண்டும். சுருக்கங்களைத் தடவி, முகர்ந்து, நாக்கில் வைத்துக் கொஞ்சம் பொறுக்க வேண்டும். அப்புறம்தான் ஒரு கடி.

கபட்-ஜின் துறவி இல்லை. எம்.ஐ.டி.யில் மூலக்கூறு உயிரியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். புத்த மரபிலும் யோகத்திலும் கற்றவற்றிலிருந்து சமயச் சடங்குகளை விலக்கி, எட்டு வாரப் பயிற்சியாக வகுத்தார். வாரம் ஒரு வகுப்பு, சுமார் இரண்டரை மணி நேரம். வீட்டில் 45 நிமிடப் பயிற்சி. ஒரு முழுநாள் மௌனம். இன்று கைபேசிச் செயலிகள்வரை பரவியிருக்கும் 'மைண்ட்ஃபுல்னஸ்' பெருமளவு அந்தப் பிரிவிலிருந்து கிளம்பியதுதான். நடப்பதை நடக்கும்போதே, நல்லது கெட்டது என்று தீர்ப்பு எழுதாமல் கவனிப்பது என்று அதற்குப் பொருள் சொல்லலாம்.

பதற்றக்காரர்களுக்கு இது கேட்க எளிது. செய்வது வேறு கதை.

என் முப்பத்தைந்தாவது வயதில், நள்ளிரவு இரண்டு மணிக்கு நெஞ்சு படபடத்து என்னை எழுப்பிவிடும். ஈசிஜி, ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்தாயிற்று. "இதயத்துல ஒண்ணும் இல்லைங்க, பதற்றம்தான்" என்றார் மருத்துவர். தியானம் பழகலாம் என்று ஒருநாள் கண்ணை மூடி மூச்சைக் கவனித்தேன். மூன்றாவது நிமிடத்தில் மூச்சு போதவில்லை என்று தோன்றியது. ஐந்தாவது நிமிடத்தில் விரல் நுனி மரத்தது. எழுந்து பால்கனிக்கு ஓடினேன். தியானம்கூட நமக்கு வரவில்லையே என்று அழுதது நினைவிருக்கிறது.

அப்படி ஆனதற்குக் காரணம் இருந்தது. உடம்பில் சாதாரணமாக நிகழும் ஒரு மாற்றத்தைப் பேராபத்தாகப் படித்துவிடுவதுதான் பீதியைக் கிளப்புகிறது என்று உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986-ல் விளக்கினார். துடிப்பு கூடினால் மாரடைப்பு, தலை லேசானால் மயக்கம் என்று மனம் முந்திக்கொள்கிறது. அந்தப் பயத்தில் துடிப்பு இன்னும் ஏறுகிறது. ஏற்கெனவே இரவும் பகலும் தன் மூச்சுக்குக் காவல் நிற்பவரிடம் போய் 'மூச்சைக் கவனி' என்றால் காவல் இரட்டிப்பாகும்.

வூஸ்டர் பயிற்சியில் உடல் முழுவதையும் பகுதி பகுதியாகக் கவனிக்கும் முறை ஒன்று உண்டு. அது இடது கால் விரல்களில் தொடங்குகிறது. என்னைக் காப்பாற்றியது அந்த இடது கால்தான். நெஞ்சிலிருந்து எவ்வளவு தூரம் போகமுடியுமோ அவ்வளவு தூரம் போய், கட்டைவிரலில் செருப்பு வார் அழுத்துவதையும், தரையின் குளிர்ச்சியையும், குதிகாலில் ஏறும் எடையையும் கவனித்தேன். கண்ணை மூடவில்லை. முதல் மாதம் நாளுக்கு மூன்று நிமிடம்தான். காலையில் பால் காயும்வரை அடுப்படியில் நின்றபடியே செய்தேன். பாதமும் பிடிபடாத நாளில் மின்விசிறிச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டேன். மூச்சுக்குத் திரும்ப எனக்கு நாலைந்து மாதம் ஆனது. புதிதாகத் தொடங்கும் பதற்றக்காரர் எவரிடமும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: மூச்சு ஒத்துவராவிட்டால் விட்டுவிடுங்கள், காலுக்குப் போங்கள்.

'நல்லா இழுத்து மூச்சு விடு' என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். அன்பினால்தான். ஆனால் பயத்தில் இருப்பவர் வேகவேகமாக ஆழ்ந்து இழுத்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, தலைசுற்றலும் விரல் மதமதப்பும் வரும். என் விரல் மரத்ததும் அதனால்தான். மூச்சை விடும்போது இதயத் துடிப்பு சற்றுக் குறைவது உடம்பின் இயல்பு. வேகஸ் நரம்பின் வேலை அது. ஆகவே விடும் மூச்சை, முக்கித் தள்ளாமல், கொஞ்சம் நீட்டினால் போதும்.

இன்னொரு தவற்றை நான் நெடுநாள் செய்தேன். உட்கார்ந்த ஒவ்வொரு முறையும் 'பதற்றம் போயிற்றா?' என்று உள்ளே எட்டிப் பார்ப்பேன். 1987-ல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் மாணவர்களிடம், ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள், நினைப்பு வந்தால் மணி அடியுங்கள் என்றார். சராசரியாக நிமிடத்துக்கு ஒரு முறைக்கு மேல் கரடி வந்தது. விரட்டுவதும் சோதித்துப் பார்ப்பதும் பதற்றத்துக்குத் தீனி. இப்போது நான் மனத்துக்குள் பெயர் மட்டும் சொல்கிறேன்: 'பயம் வந்திருக்கு.' 'நாளைக்கு ஆபீஸ்ல என்ன ஆகுமோங்கிற யோசனை.' சொல்லிவிட்டு மறுபடி காலுக்குப் போய்விடுவேன்.

விரட்டினால் போகாது என்பதைப் பழைய ஆசான்கள் அறிந்திருந்தார்கள். பர்மாவில் வணிகராக இருந்த எஸ்.என். கோயங்கா, தாளமுடியாத ஒற்றைத் தலைவலிக்காக 1955-ல் ரங்கூனில் தியான ஆசான் ஊ பா கினைத் தேடிப் போனார். அவர் அரசின் தலைமைக் கணக்கு அதிகாரியாகவும் இருந்தவர். தலைவலியைப் போக்கிக்கொள்ள என்றால் வரவேண்டாம் என்று அவர் மறுத்துவிட்டார். நோக்கத்தை மாற்றிக்கொண்ட பிறகே கோயங்காவுக்கு இடம் கிடைத்தது. தலைவலியும் பின்னர் விலகியது. 1969-ல் இந்தியா வந்து விபாசனா தியானத்தைப் பரப்பியவர் கோயங்காதான். விபாசனாவின் பத்து நாள் முகாமில் பேச்சு கிடையாது, நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் பயிற்சி. பீதியின் உச்சத்தில் இருப்பவர் அதில் போய்த் தொடங்குவதை நான் ஏற்கமாட்டேன். நீந்தத் தெரியாதவரை ஆடிப்பெருக்கில் இறக்குவதுபோல அது.

மாத்திரையைக் கைவிடவும் தியானம் சாக்கு ஆகக்கூடாது. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் எலிசபெத் ஹோக் குழு, பதற்ற நோயுள்ள 276 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு எட்டு வாரப் பயிற்சியும் மறுபாதிக்கு எஸ்சிட்டலோபிராம் மாத்திரையும் கொடுத்தது. முடிவு 2022-ல் வந்தது: பலன் ஏறத்தாழ ஒன்றே. பக்கவிளைவு மாத்திரைக் குழுவில் அதிகம். ஆனால் பயிற்சிக் குழுவினர் நல்ல ஆசிரியரிடம் வாராவாரம் நேரில் கற்றவர்கள்; வீட்டிலும் நாள்தோறும் நெடுநேரம் பயிற்சி செய்யச் சொல்லப்பட்டவர்கள். செயலியைத் திறந்து பத்து நிமிடம் படுத்திருப்பது அதற்கு ஈடாகாது. நான் மாத்திரையும் சாப்பிட்டேன், காலையும் கவனித்தேன். மருத்துவர் அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்த ஒன்றரை வருடம் ஆனது.

கண்ணை மூடினால் பழைய கொடுமைகள் படமாக ஓடுகிறவர்களும், பல நாள் தூக்கம் போனவர்களும், சாக வேண்டும் என்ற எண்ணம் தலைகாட்டுகிறவர்களும் தனியாக உட்கார்ந்து பயிற்சி செய்ய வேண்டாம். முதலில் மனநல மருத்துவரைப் பாருங்கள். மத்திய அரசின் 'டெலி மானஸ்' உதவி எண் 14416. நள்ளிரவு இரண்டு மணிக்கும் எடுப்பார்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.