பஸ்காப் பந்தியும் பிள்ளைகளின் கேள்வியும்

பஸ்கா என்றதும் கிறிஸ்தவர்களான எங்களுக்கு நினைவுக்கு வருவது செங்கடல் பிளந்ததும் மோசேயின் கோலும்தான். பிற சமய வாசகர்களுக்காகக் கதையை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். எகிப்தில் அடிமைகளாய்ச் செங்கல் அறுத்த இஸ்ரவேல் மக்கள் ஓர் இரவில் விடுதலை பெற்றுப் புறப்பட்டார்கள். பிசைந்த மாவு புளிக்கக்கூட நேரமில்லை. அதனால்தான் அந்தப் பண்டிகையில் இன்றும் புளிப்பில்லாத அப்பம்.

யாத்திராகமம் 12ஆம் அதிகாரத்தை ஊன்றிப் படித்தால் ஒரு விசேஷம் தெரியும். மக்கள் இன்னும் ஊரை விட்டுக் கிளம்பவில்லை. அதற்குள், பிற்காலத்தில் பிள்ளைகள் இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்ற கட்டளை வந்துவிடுகிறது. நடக்கப்போவதைவிட அதைச் சொல்லப்போவதில் அவ்வளவு அக்கறை!

கி.பி. 70இல் எருசலேம் ஆலயத்தை ரோமர் அழித்தார்கள். பலியிட இடமில்லை. அதன்பின் யூதர்கள் சிதறிப் போன தேசமெல்லாம் இந்தப் பண்டிகை வீட்டுப் பந்தியை நம்பியே உயிர் வாழ்ந்தது. கண்ணீருக்கு உப்புத் தண்ணீர், அடிமை வாழ்வின் கசப்புக்குக் கசப்புக் கீரை, செங்கல் சாந்துக்கு அடையாளமாகப் பழமும் கொட்டையும் சேர்த்து அரைத்த விழுது. இன்றைய இரவு மட்டும் ஏன் வேறு மாதிரி இருக்கிறது என்று வீட்டின் கடைக்குட்டி கேட்கும். பிள்ளை இல்லாத வீட்டில் மனைவி கேட்கலாம். தனி ஆளாக இருந்தால் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும்! ஆக, கேள்வி இல்லாமல் கதை இல்லை.

பதிலுக்கும் விதி உண்டு. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற யூத நூல் இரண்டு காரியம் சொல்கிறது. பிள்ளையின் அறிவுக்கு ஏற்றபடி தகப்பன் சொல்ல வேண்டும். இழிவில் தொடங்கிப் புகழில் முடிக்க வேண்டும். நாம் ராஜ வம்சம் என்று ஆரம்பிக்கக் கூடாது. அடிமைகளாயிருந்தோம் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும்.

நம் மும்பையிலேயே இதைக் காணலாம். மாண்ட்வி பகுதியில் 1796இல் ஜெப ஆலயம் கட்டிய பெனே இஸ்ரேல் மக்களின் தாய்மொழி மராத்தி. பஸ்கா இரவில் வாசிக்கும் 'ஹகதா' நூல் 1874இல் புனேயில் எபிரேயத்தோடு மராத்தி மொழிபெயர்ப்பும் சேர்த்து அச்சானது. அதிலுள்ள படத்தில் அப்பம் செய்யும் பெண்கள் சேலை கட்டியிருக்கிறார்கள். பிள்ளைக்குப் புரியும் மொழியில் கதை, மூல மொழியும் பக்கத்திலேயே. தமிழ்ச் சங்க இதழில் இப்படி எழுதினால் சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால் இந்தியிலும் மராத்தியிலும் விளையாடும் பேரப்பிள்ளைக்குத் தமிழில்தான் சொல்வேன் என்று அடம்பிடித்துக் கடைசியில் எதையுமே சொல்லாமல் விடுவதை நான் ஏற்கவில்லை.

இனி, திருவிருந்து. இயேசு சீடர்களோடு உண்ட கடைசிப் போஜனத்தைப் பஸ்கா விருந்து என்றே மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரும் சொல்கிறார்கள். யோவானின் கணக்கில் அது பண்டிகைக்கு முந்தைய இரவு. பண்டிதர்கள் வாதாடட்டும். பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது (முதல் நிருபம், 11ஆம் அதிகாரம்) தான் பெற்றுக்கொண்டதையே ஒப்படைப்பதாகச் சொல்லி, இயேசு காட்டிக்கொடுக்கப்பட்ட இரவு என்று தொடங்குகிறார். கூட இருந்தவனே துரோகம் செய்த இரவு! இங்கேயும் தொடக்கம் அவமானம்தான்.

ஆனால் எங்கள் சபைகள் பலவற்றில் பந்தி வீட்டை விட்டுப் பீடத்துக்குப் போய்விட்டது. திடப்படுத்தல் பெறாத பிள்ளைகள் பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறார்கள். கேட்க வேண்டிய வாய்க்கு அங்கே வேலையில்லை. கேரளத்துத் தோமா கிறிஸ்தவர்கள் இதில் கெட்டிக்காரர்கள். பெரிய வியாழன் இரவு அரிசியும் உளுந்தும் அரைத்துப் புளிக்கவிடாமல் 'பெசஹா அப்பம்' அவிப்பார்கள். குருத்தோலையில் சிலுவை செய்து அதன்மேல் வைப்பார்கள். குடும்பத் தலைவர் பிட்டுக் கொடுக்க, வெல்லமும் தேங்காய்ப்பாலும் கலந்த பாலில் தொட்டு உண்பார்கள். அந்த வருடம் சாவு விழுந்த வீட்டில் அப்பம் செய்வதில்லை. அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து கொடுப்பார்கள்.

எங்கள் வீட்டில் அப்பம் இல்லை, கதை மட்டும் உண்டு. பெரிய வியாழன் ஆராதனை முடிந்து சாப்பிட உட்காரும்போது, பூட்டன் ஏன் பம்பாய்க்கு வந்தார் என்று சின்னப் பேரன் கேட்பான். நம்மவர் பலர் வேலை தேடி வந்தார் என்று முடித்துவிடுவார்கள். என் அம்மா அப்படி மழுப்பியதில்லை; நானும் அவர் சொன்னபடியே சொல்கிறேன். 1949இல் கடன்காரருக்குப் பயந்து நெல்லைச் சீமையிலிருந்து இரவோடு இரவாக வந்தார். தாராவியில் தோல் பதனிடும் வேலை. அந்த வாடையால் பஸ்ஸில் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

போன வருடம் பேரன் இந்தி கலந்த தமிழில், “தாத்தா, அந்தக் கர்ஜா என்ன ஆச்சு?” என்று கேட்டான். 1961இல் வட்டியோடு அடைத்தார் என்றேன். கடன் பத்திரத்தைக் காட்டச் சொன்னான். பீரோவிலிருந்து எடுத்துவந்து சோற்றுத் தட்டுகளுக்கு நடுவே விரித்தோம். பத்திரத்தின் அடியில் பூட்டனின் கைநாட்டு இருந்தது.